பிழை இல்லை என்று காட்டிய எட்டு நாட்கள்

அடுத்த வாரத்திலிருந்து என் நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். பாஸ்வேர்டுகளைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த வாடிக்கையாளரின் தளம் எந்த சர்வரில் இருக்கிறது, எதை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் நீல நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டில் அடங்காத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆறு வருடம் வேலை பார்த்தவன் அனுபவம் சொல்ல வந்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை. அரசுத் தேர்வில் தேறி வேறு ஊருக்குப் போகிறேன். இனி இந்தத் தொழிலுக்குத் திரும்ப மாட்டேன். அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவன்தான்.

பஜாரில் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் பார்க்கும் பத்மராஜ் சாரை உங்களுக்குத் தெரியும். அவருடைய வலைப்பூவைச் செஞ்சி வட்டத்தில் படிக்காதவர்கள் குறைவு. காலையில் மல்லாட்டை விலை, எந்த ஊர் பஸ் இன்று வராது, யாருடைய ரேஷன் கார்டு கீழே கிடந்தது, யாருடைய மாடு காணவில்லை, எல்லாம் அதில் வரும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் ஜைன வீடு அவருடையது. சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை எடுப்பார். மறுநாள் எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது என்பது ஆறரை மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்த வலைப்பூவின் முகவரியில் அவருடைய மண்டியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அது கடை விளம்பரம் என்று சிலர் திறக்காமலே விடுகிறார்கள் என்று அவருக்குக் குறை. ஊர் பெயரில் புது முகவரி வாங்கினார். பழைய முகவரியில் வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் வேலை என்னிடம் வந்தது.

அது எனக்கு வந்த முதல் பெரிய வேலை. எப்படிச் செய்வது என்பதை விளக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். வலைப்பூவில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளின் பழைய முகவரிகளையும் புதிய முகவரிகளையும் எதிரெதிரே எழுதிப் பட்டியல் போட்டேன். கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: இந்தப் பட்டியலில் இல்லாத எந்த முகவரி வந்தாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பு. பழைய சர்வரில் முகவரிகளைத் திருப்பிவிடும் ரீடைரக்ட் கோப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் கோப்பை அதன் மேலேயே ஏற்றினேன்.

பிறகு உடைந்த இணைப்புகளைத் தேடும் கருவியை ஓட்டினேன். பிழைகள்: பூஜ்ஜியம். அந்தத் திரையைப் படம் பிடித்து பத்மராஜ் சாருக்கு அனுப்பினேன். நம் ஓனர் முருகன் அண்ணன் கீழே போய் வடை வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போனவர்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு பிழைகூட இல்லாமல் ஒரு வேலையை முடித்தேன் என்று அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். அவர்களுக்கு என்ன வேலை என்று புரியவில்லை. பிழை இல்லை என்பது புரிந்தது.

எட்டாவது நாள் பத்மராஜ் சார் போன் செய்தார்.

"தம்பி, முகப்புக்கு ஆள் வர்றது கூடியிருக்குதே, இன்னா பண்ண?"

நான் ஒன்றுமே பண்ணவில்லை. ஆனால் நல்ல பெயர் தானாக வரும்போது காரணம் தெரியாது என்று சொல்ல மனசு வருமா? "பாத்துச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டு, பழைய சர்வரின் லாகைத் திறந்தேன். யார் எந்த முகவரியைக் கேட்டார்கள், அவர்களை எங்கே அனுப்பினோம் என்று வரிசையாக எழுதி வைக்கும் பதிவு அது. எந்தக் கருவி பூஜ்ஜியம் என்று சொன்னாலும் இதைத் திறந்து பாருங்கள். நான் அதைப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் திறந்தேன்.

அதில் என் பட்டியலில் இல்லாத முகவரிகள் இருந்தன. ஏழுமலை-3. ஏழுமலை-12. ஏழுமலை-7. எல்லாரையும் என் கடைசி வரி முகப்புக்கு அனுப்பியிருந்தது. அதில் ஏழாம் எண்ணை ஒரே போனிலிருந்து ஒரே நாளில், மதியம் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள், ஒன்பது முறை கேட்டிருந்தார்கள். அது முகவரி மாறிய மூன்றாம் நாள். அதற்குப் பிறகு அந்த போன் வரவேயில்லை.

ஏழுமலை யார் என்று பஸ்ஸில் போகும் எல்லாருக்கும் தெரியும். சிங்கவரத்துக்காரர். கொத்து வேலை பார்த்தவர், நாற்பது வயது தாண்டியவர், சில வருடங்களாக மனசு சரியில்லை. ஒரு நாள் வீட்டிலிருந்து நடந்து போனவர் திரும்பவில்லை. அவருடைய தங்கை செல்வி பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறார். போலீசில் எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல், ஊர் ஊராகப் போகும் பஸ்களில் நோட்டீஸ் ஒட்டினார். முதல் நோட்டீசில் அவருடைய போன் நம்பர் இருந்தது. "உங்க அண்ணன் எங்கிட்டதான் இருக்காரு" என்று பொய் சொல்லிப் பணம் கேட்டவர்கள், குடித்துவிட்டுக் கண்டபடி பேசியவர்கள் என்று ஒரு மாதத்தில் பாதி ஊர் அந்த நம்பரில் வந்து போனது. இரண்டாவது நோட்டீசில் நம்பர் போடவில்லை. ஒரு பழைய போட்டோ, நாலு வரி, பத்மராஜ் சாரின் வலைப்பூவில் இருக்கும் பக்கத்துக்குப் போக ஒரு க்யூஆர் கோடு. அந்தப் பக்கத்தில் நிறையப் போட்டோக்கள் இருந்தன, தாடியோடு, தாடி இல்லாமல். பார்த்தவர்கள் செய்தி எழுதவும் போட்டோ அனுப்பவும் இடம் இருந்தது.

அந்த முழுப் பக்கத்தை நான் ஒழுங்காகத்தான் மாற்றியிருந்தேன். செல்வி தினமும் அதைத் திறந்து பார்த்தார், அதனால் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நோட்டீசில் இருந்தவை வேறு. அவை பத்மராஜ் சார் தனியாகப் போட்டுக்கொடுத்த குட்டி முகவரிகள். எந்தப் பதிவிலும் அவை இல்லை. நான் திறக்காமல் அழித்த அந்தப் பழைய கோப்பில் மட்டும் இருந்தன. நம் கருவி இணையத்துக்குள் இருக்கும் இணைப்புகளைத்தான் தேடும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பசை போட்டு ஒட்டிய காகிதத்தை அது எங்கே பார்க்கும்?

சரிசெய்ய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்வரின் பேக்கப்பில் இருந்த பழைய கோப்பின் நகலை எடுத்து, அந்த முகவரிகளைச் சேர்த்து, திறந்து பார்த்தேன். எல்லாம் ஏழுமலையின் பக்கத்துக்குப் போயின.

முருகன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடா, மூஞ்சி இப்படி இருக்குது?"

சொன்னேன்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்ணா. இப்பத் தெறக்குது."

"அப்ப முடிஞ்சிது, விடு. எட்டு நாள்ல இன்னா ஆயிடப் போவுது? சர்வர் படுத்துக்கிச்சின்னு நெனச்சிக்குவாங்க. நீயா போயி சொல்லிக்கினு நிக்காத. நாளைக்கு எவனும் வேல குடுக்க மாட்டான்."

"அந்த ஒம்போது தடவ யாருண்ணா?"

"எவனோ சும்மா தட்டிப் பாத்திருப்பான்."

"சும்மா தட்டுறவன் ஒம்போது தடவ தட்டுவானா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொல்வதா வேண்டாமா என்று தவித்த அந்த அரை மணி நேரத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். அண்ணன் கெட்டவர் இல்லை. என் மனசும் அதையேதான் சொன்னது. படித்த வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் தப்பு செய்தான் என்பார்கள். நான் செய்தால், இவனுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். சிறு வயதிலிருந்து எனக்குள் இருந்த பயம் அது. ஒத்துக்கொண்ட அன்றே நாற்காலியிலிருந்து எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

ஆனால் ஒன்று இடித்தது. ஏன் எண்கள்? எல்லா நோட்டீசிலும் ஒரே முகவரி போதுமே. ஏழு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பத்மராஜ் சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அந்தப் பொண்ணு நம்பர் போட்டுக் குடுக்கச் சொல்லிச்சு, குடுத்தேன்" என்றார். ஒன்பது முறை தட்டிய ஆள் எங்கே இருந்து தட்டினார் என்பது செல்விக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டால் அந்த ஒரு துப்பும் இந்த லாகோடு போய்விடும்.

படியிறங்கிப் பஜாருக்கு நடந்தேன்.

கடையில் செல்வி பிளவுசுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா காத்திருந்தார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்த வாக்கியம் மறந்துபோனது. "அக்கா, எட்டு நாளா நோட்டீசுல இருந்த கோடு உங்க பக்கத்துக்குப் போவல. என் தப்புதான்" என்றேன். "ஒருத்தர் ஒம்போது தடவ பாத்திருக்காங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நம்பரு?"

"ஏழு."

மெஷின் டிராயரை இழுத்து அளவு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எழுதியிருந்தது. வெட்டிய துணியில் எந்தத் துண்டு எங்கே சேரும் என்று சாக்பீசால் எண் போடுவார்களே, அதே பழக்கத்தில் ஒவ்வொரு பஸ்சுக்கும் ஒரு எண் போட்டிருந்தார்.

"ஏழு, திண்டிவனம் பஸ்ஸு. மதியம் போறது." கத்திரியைக் கீழே வைத்தார். "அக்கா, பிளவுஸ் நாளைக்குத்தான்."

"போன வாரமும் இதே நாளைக்குதான்டி" என்றார் காத்திருந்த அம்மா. செல்வியின் முகத்தைப் பார்த்ததும், "போ, போ. கடைய நான் பாத்துக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதே பஸ்சில் ஏறினோம். நோட்டீஸ் அப்படியே இருந்தது, ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது. இதை யாராவது போனில் பிடித்தார்களா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"தெனம் பத்து பேரு எதையாச்சும் புடிக்கிறான். நான் டிக்கெட்டப் பாப்பனா, போனப் பாப்பனா?" என்றவர், விசில் ஊதப் போய் நிறுத்தினார். "இட்லிக் கடை அம்மா ஒண்ணு கேட்டுச்சு. திண்டிவனத்துக்கு முன்ன எறங்கும். 'கண்டக்டரே, இந்த ஆளு கெடச்சிட்டாரா'ன்னு. எனக்கின்னா தெரியும்? கெடச்சிருப்பாருன்னு சொன்னேன்."

செல்வி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இட்லிக் கடை ஒரு வேப்ப மரத்தடியில் இருந்தது. செல்வி போனில் இருந்த தாடி வைத்த போட்டோவைக் காட்டினார். அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்தத் தாடிய நீங்க நோட்டீசுல போடலியே" என்றார்.

"உள்ள இருந்துதும்மா. அந்தக் கோட்டத் தட்டினா வரும்."

"தட்டினமே! எம் பொண்ணு காலேஜிலேருந்து அந்த பஸ்ஸுல வரும்போது கோட்டப் புடிச்சாந்து, அது போன்ல தட்டித் தட்டிப் பாத்துது. ஒவ்வொரு தடவையும் மல்லாட்ட வெல வருது. செஞ்சியில இன்னிக்குக் கரண்ட் இல்லன்னு வருது. சரி, ஆளு கெடச்சிட்டாரு, அதான் நோட்டீச எடுத்துட்டாங்கன்னு நெனச்சிக்கினோம். அவரு கெடச்சிட்டா, இங்க படுத்துனு இருக்கறவரு வேற யாரோ தானே?"

அவர் எங்கே என்று செல்வி கேட்கவில்லை. "சாப்டாரா?" என்று கேட்டார்.

"ரெண்டு வேளையும் சாப்டாரு. சட்னி வெச்சா தள்ளிடுவாரு. சக்கர கேப்பாரு."

செல்வி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அவன்தான்" என்றார்.

"கால்ல கண்ணாடி குத்திப் புண்ணா இருந்துது. மஞ்சத்துணி கட்டி உட்டேன். எங்கயும் போவாத, இங்கயே இருன்னு சொல்லி வெச்சிருந்தேன். அப்புறம் வேற ஆளுன்னு ஆனதும், நான் எதுக்குப் புடிச்சி வெக்கணும்னு..." அந்த அம்மா இட்லிப் பானையின் மூடியைச் சரிசெய்தார். "முந்தா நேத்து காத்தால எழுந்து நடந்துட்டாரு. இந்தப் பக்கமா."

அந்தப் பக்கமாக அன்று பொழுது சாயும்வரை தேடினோம். மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை.

முதல் நாள் திரும்பி வரும்போது பஸ்சில் செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோபமாகச் சொல்லவில்லை. சத்தம்கூட உயரவில்லை.

"கதவு பூட்டியிருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா அந்தம்மா வேற வழியில வந்திருக்கும். போலீஸ்லயாச்சும் சொல்லியிருக்கும். நீ பூட்டலப்பா. தெறந்து, வேற வீட்டுல கொண்டு போயி உட்டுட்ட."

இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. 'பக்கம் இல்லை' என்று வருவதை நாம் அசிங்கம் என்று நினைக்கிறோம். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்கத்தான் அந்தக் கடைசி வரியைச் சேர்க்கிறோம். இல்லை என்பதை இல்லை என்று சொன்னால் தேடுகிறவர் மேலும் தேடுவார். ஒன்றும் சொல்லாமல் முகப்பில் கொண்டுவிட்டால், அவரே ஒரு அர்த்தம் செய்துகொள்வார். அது என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் பத்மராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் குட்டி முகவரியெல்லாம் நான் போட்டதுன்னு ஒங்கிட்ட சொல்லணும்னு எனக்கும் தோணலியே" என்றார். கடைசி வரியை அழித்தேன். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் வைத்தோம்: 'நீங்கள் தேடியது இங்கே இல்லை. முகவரி மாறியபோது தவறியிருக்கலாம். தயவுசெய்து எங்களை அழையுங்கள்.' என்ன நம்பர் போடுவது என்று கேட்டேன். "மண்டி நம்பரப் போடு. எப்பவும் யாராச்சும் எடுப்பாங்க" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். வருகிற ஒவ்வொரு பஸ்சிலும் ஏறி, வலைப்பூவின் பழைய முகவரி இருக்கும் காகிதங்களையெல்லாம் எழுதினேன். டீக்கடைச் சுவர், ரேஷன் கடைக் கதவு, சீயமங்கலம் போகும் பஸ்சின் பின் கண்ணாடி. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலுக்குப் போகும் ஸ்டிக்கர் ஒன்று அரசு அலுவலகச் சுவரில் இருந்தது. அதுவும் அந்த எட்டு நாள் மல்லாட்டை விலைக்குத்தான் போயிருக்கிறது. அதை யாராவது தட்டினார்களா என்று லாகில் தேடினேன். இல்லை. அன்று எனக்கு வந்த மூச்சை என்னவென்று சொல்வது.

நீங்கள் ஒரு முகவரியை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். கருவியை ஓட்டுங்கள், ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். நம் ஊரில் இணைய முகவரி பாதி காகிதத்தில்தான் வாழ்கிறது.

செல்வி புதிய நோட்டீஸ் அடித்தார். தாடி வைத்த போட்டோவோடு, திண்டிவனத்தைத் தாண்டிப் போகும் பஸ்களிலும் ஒட்டினார். இரண்டு மாதம் கழித்து முப்பத்தொன்றாம் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா அனுப்பியிருந்தார், போட்டோவோடு. ஏழுமலை படுக்கையில் உட்கார்ந்திருந்தார். யாரோ ரோட்டில் கிடந்தவரைத் தூக்கிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். கண்ணாடி குத்திய அதே கால்.

சிங்கவரத்துக்கு அவரைக் கூட்டி வந்த பிறகு ஒரு நாள் செல்வி நம் மாடிக்கு ஏறி வந்தார். பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எடுக்காத. நோட்டீசு இன்னும் பஸ்ஸுலதான் இருக்குது. கெடச்சிட்டான்னு எழுது. அந்த எட்டு நாளையும் எழுது."

முருகன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அது எதுக்கும்மா? ஆளுதான் வந்துட்டாரே."

"இட்லிக் கடை அம்மா பாக்கும்ணா. கையில இருந்த ஆள நாமளே அனுப்பிட்டமேன்னு அது மனசுல வெச்சிக்கினு இருக்குது. ரெண்டு தடவ பஸ்ஸுல பாத்து அழுதுது. அது மேல தப்பு இல்லன்னு எழுத்துல இருக்கணும்."

அண்ணன் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். "எழுதுடா" என்றார். "கடைப் பேரையும் போடு."

எழுதினேன். 'ஏழுமலை கிடைத்துவிட்டார். வீட்டில் இருக்கிறார். முகவரி மாறியபோது எட்டு நாட்கள் நோட்டீசில் இருந்த கோடு இந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அந்த நாட்களில் அவரைப் பார்த்துத் தேடியவர்கள் செய்தது சரி. தவறு எங்களுடையது.' கீழே நம் கடையின் பெயர். அதற்குக் கீழே 'மன்னிக்கவும்' என்று அடித்தேன்.

செல்வி திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வார்த்தையில் விரல் நின்றது.

"இத எடுத்துடு" என்றார். "நடந்தது மட்டும் இருக்கட்டும். மன்னிக்கிறத நான் சொல்லும்போது நீ போட்டுக்க."

எடுத்துவிட்டேன். அவர் இன்னும் சொல்லவில்லை. பழைய முகவரியை வருடா வருடம் மறக்காமல் புதுப்பியுங்கள். அந்தப் பக்கத்தில் நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள்.